டஃபி மரபணுவின் புரோமோட்டர்: இயல்பு வடிவும் மாறிய வடிவும் ஒரே அளவு ஒளி தருவது ஏன்?

ஆய்வுமாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மனிதச் சிவப்பணுக்களின் மேற்பரப்பில் உள்ள டஃபி புரதத்தின் மரபணு எந்தெந்தச் செல்களில் வெளிப்பட வேண்டும் என்பதை அதன் புரோமோட்டர் பகுதி (மரபணுவுக்கு முன்னால் இருந்து அதன் படியெடுத்தலைத் தொடங்கவைக்கும் டி.என்.ஏ. துண்டு) எவ்வாறு தீர்மானிக்கிறது என்பதே என் தலைப்பு. மூன்று மாதங்களாக ஒரே சோதனையில் சிக்கிக்கொண்டிருப்பதால் இங்கே கேட்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் என்னும் மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் நுழைவதற்கு டஃபி புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. மேற்கு ஆப்பிரிக்க மக்களுள் மிகப் பெரும்பாலோரின் சிவப்பணுக்களில் இப்புரதம் இல்லை. அவர்கள் வைவாக்ஸை எதிர்த்து நிற்பது இதனால்தான் என்பதை 1976-இல் லூயிஸ் மில்லர் குழுவினர் காட்டினர். புரதத்துக்கான குறியீட்டில் பிழை ஏதும் இல்லாதிருந்தும் சிவப்பணுவில் மட்டும் அது ஏன் காணாமற்போகிறது என்பதற்கு 1995-இல் பாரிசிலிருந்து விடை வந்தது. புரோமோட்டரின் டி.என்.ஏ. எழுத்துகளில், டி இருக்க வேண்டிய ஓரிடத்தில் சி இருக்கிறது. அந்த ஓரெழுத்து மாறியதால் காட்டா-1 என்னும் படியெடுத்தல் காரணி (டி.என்.ஏ.வில் அமர்ந்து மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கத் தூண்டும் புரதம்) அமரும் இடம் கெட்டு, சிவப்பணு மரபில் மரபணு அணைந்துபோகிறது.

இதையே முதற்படியாக நானும் செய்து பார்த்து, பின்பு அதைச் சுற்றியுள்ள இடங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம் என்று திட்டமிட்டேன். இந்த மாற்றத்தை உடையவர்கள் இந்தியாவில் மிக அரியர் என்பதால், இயல்பான டி.என்.ஏ.விலிருந்து பகுதியைப் பெருக்கி எடுத்து, பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. இழை) வழியாக அந்த ஓரெழுத்தை நானே மாற்றிக்கொண்டேன். தொடக்கக் குறியனுக்கு (புரதத்தின் குறியீடு தொடங்கும் ஏடிஜி என்னும் மூன்றெழுத்துக்கு) முன்னால் ஏறத்தாழ 1,000 கார இணைகள் கொண்ட துண்டை, புரோமோட்டர் இல்லாத மின்மினி லூசிஃபெரேஸ் (ஒளி உமிழச் செய்யும் நொதி) பிளாஸ்மிட்டில், அதாவது வளைய டி.என்.ஏ.வில், பொருத்தினேன். ஹெச்இகே-293 செல்களில் அதை ஏற்றி, 48 மணி நேரம் கழித்து ஒளியை அளந்தேன். ஒப்பீட்டுக்காக ரெனில்லா லூசிஃபெரேஸ் பிளாஸ்மிட்டையும் உடன் ஏற்றினேன். அதில் இருப்பது சிஎம்வி வைரஸின் புரோமோட்டர்.

இயல்பு வடிவு, வெற்றுப் பிளாஸ்மிட்டைப்போல் 1.8 மடங்கு ஒளியைத் தருகிறது. மாறிய வடிவு 1.7 மடங்கு தருகிறது. மூன்று முறை செய்தும் இதே நிலைதான். முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்ட ஒன்றை என்னால் மீண்டும் காட்ட முடியவில்லையென்றால் தவறு என் கையில்தான் இருக்க வேண்டும். அது எங்கே என்றுதான் தெரியவில்லை.


செவ்வணு எழுதியது:

தவறு உங்கள் கையில் இல்லை, நீங்கள் தேர்ந்த செல்லில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். உங்கள் பதிவிலேயே விடையின் பாதி உள்ளது. "சிவப்பணு மரபில்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹெச்இகே-293 சிவப்பணு மரபைச் சேர்ந்ததன்று. கருவின் சிறுநீரகத் திசுவிலிருந்து வந்தது. அந்தச் செல்லில் காட்டா-1 இல்லை. அமர வேண்டியவரே வராத வீட்டில், ஒரு நாற்காலி முழுமையாக இருந்தால் என்ன, கால் முறிந்து கிடந்தால் என்ன? இரண்டு வடிவுகளும் ஒரே அளவு ஒளி தருவது, அந்தச் செல்லைப் பொறுத்தவரை சரியான விடையே ஆகும்.

இதை வெறும் தொழில்நுட்பத் தடையாகப் பார்க்காமல், இந்த மரபணுவின் உயிரியலாகவே பாருங்கள். டஃபி புரதம் சிவப்பணுவில் மட்டும் இருப்பதன்று. தந்துகிகளை அடுத்து வரும் நுண்சிரைகளின் உட்சுவர் செல்களிலும் அது இருக்கிறது. அங்கே கீமோகைன்களை (வெள்ளணுக்களை அழைக்கும் சிறு புரதங்களை) பற்றிக்கொள்வது அதன் வேலை. சிவப்பணுவில் டஃபி இல்லாத மனிதர்களின் இரத்தக் குழாய்ச் சுவரில் அப்புரதம் வழக்கம்போல் இருப்பதும் 1995-இலேயே காட்டப்பட்டுவிட்டது. ஆகவே ஓரெழுத்து மாற்றம் மரபணுவை அழிக்கவில்லை. ஒரு வகைச் செல்லில் மட்டும் அதன் விளக்கை அணைத்திருக்கிறது. குறியீட்டுப் பகுதியில் ஏற்படும் பிழை எல்லாச் செல்களிலும் புரதத்தைக் கெடுக்கும். புரோமோட்டரில் ஏற்படும் பிழையோ, எந்தச் செல்லில் எந்தக் காரணி இருக்கிறது என்பதைப் பொறுத்தே வெளியே தெரியும். உங்கள் சோதனை காட்டியிருப்பதும் இதைத்தான், நீங்கள் கேட்காத கேள்விக்கு விடையாக.

செய்ய வேண்டியது எளிது. ஹெச்இஎல் என்னும் மனித எரித்ரோலுக்கேமியா செல்வரிசையைப் பெறுங்கள். அதில் காட்டா-1 உண்டு, டஃபியும் வெளிப்படுகிறது. அது கிடைக்கும்வரை காத்திருக்க முடியாதென்றால், ஹெச்இகே செல்லிலேயே காட்டா-1 தயாரிக்கும் பிளாஸ்மிட் ஒன்றையும் சேர்த்து ஏற்றிப் பார்க்கலாம். அப்போது இயல்பு வடிவில் ஒளி கூடி, மாறிய வடிவில் கூடாமலிருந்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிடும்.


பழைய பைப்பெட் எழுதியது:

செல் தேர்வு பற்றி மேலே சொல்லப்பட்டது முற்றிலும் சரி. ஆனால் என் கண்ணில் பட்டது வேறொன்று. "தொடக்கக் குறியனுக்கு முன்னால் ஏறத்தாழ 1,000 கார இணைகள்" என்கிறீர்கள். எந்தத் தொடக்கக் குறியன்? இந்த மரபணுவில் அந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் உள்ளன. தவறானதைப் பிடித்துக்கொண்டால் எந்தச் செல்லில் ஏற்றினாலும் ஒளி எழும்பாது.

கதை சற்று நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள். டஃபி மரபணுவை 1993-இல் முதலில் பிரித்தெடுத்தபோது அதற்கு இன்ட்ரானே (ஆர்.என்.ஏ.விலிருந்து வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) இல்லை, ஒரே எக்ஸானில் (ஆர்.என்.ஏ.வில் எஞ்சும் துண்டு) 338 அமினோ அமிலங்களுக்கான குறியீடு முழுவதும் இருக்கிறது என்று கருதினார்கள். 1996-இல் ஜப்பானியக் குழு ஒன்று, மேல்புறத்தில் இன்னொரு சிறிய எக்ஸான் இருப்பதைக் கண்டது. அந்த எக்ஸானில் தொடங்கி, நடுவே ஏறத்தாழ 480 காரங்கள் கொண்ட இன்ட்ரானை வெட்டி நீக்கி, பின்பு பெரிய எக்ஸானோடு இணையும் ஆர்.என்.ஏ.தான் உடலில் முதன்மையானது என்பது தெரியவந்தது. அதிலிருந்து வரும் புரதத்துக்கு 336 அமினோ அமிலங்கள். பழைய வடிவின் முதல் 9 அமினோ அமிலங்களுக்குப் பதிலாகப் புதிய வடிவில் 7 இருக்கின்றன. மற்றவை அனைத்தும் ஒன்றே.

இதன் விளைவாக, அதே ஓரெழுத்து மாற்றத்துக்கு இலக்கியத்தில் மூன்று எண்கள் வழங்குகின்றன. முதல் கட்டுரையில் −46 (கழித்தல் குறி, எண்ணத் தொடங்கும் புள்ளிக்கு முன்னால் என்பதைக் காட்டுகிறது). முதன்மைப் படியெடுப்பின் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணுபவர்கள் −33 என்கிறார்கள். முதல் எக்ஸானின் ஏடிஜி-யிலிருந்து எண்ணுபவர்கள் −67 என்கிறார்கள். இன்று மரபணு வகைப் பட்டியல்களில் காணப்படுவது பெரும்பாலும் இதுதான். மூன்றும் ஒரே எழுத்தையே குறிக்கின்றன. புதிதாக வருபவர்கள் மூன்று வெவ்வேறு மாற்றங்கள் என்று எண்ணிக்கொண்டு அட்டவணை போடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

இனி உங்கள் துண்டுக்கு வருகிறேன். பழைய, ஒற்றை எக்ஸான் வடிவின் ஏடிஜி-யை எல்லையாக வைத்து அதற்கு முன்னால் 1,000 காரங்களை நீங்கள் எடுத்திருந்தால், அத்துண்டுக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று வரைந்து பாருங்கள். உண்மையான புரோமோட்டர் இருக்கும். படியெடுத்தல் தொடங்கும் இடம் இருக்கும். முதல் எக்ஸான் இருக்கும். அந்த எக்ஸானுக்குச் சொந்தமான ஏடிஜி-யும் இருக்கும். அதன்பின் இன்ட்ரானின் பெரும்பகுதி இருக்கும். ஆனால் இன்ட்ரான் முடிந்து அடுத்த எக்ஸானோடு ஒட்டும் இடம் இராது. ஏனெனில் பழைய ஏடிஜி இன்ட்ரானின் கடைசிப் பகுதியில், அந்த ஒட்டும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே இருக்கிறது. ஆகவே செல் அந்த இன்ட்ரானைச் சரியாக வெட்டி நீக்க வழியில்லை. ரைபோசோம் (ஆர்.என்.ஏ.வைப் படித்துப் புரதம் கட்டும் இயந்திரம்) ஆர்.என்.ஏ.வின் முனையிலிருந்து வரும்போது முதலில் சந்திப்பது டஃபியின் ஏடிஜி. அங்கேயே அது மொழிபெயர்க்கத் தொடங்கி, இன்ட்ரானுக்குள் நுழைந்து, ஏதோவொரு நிறுத்தக் குறியனில் இறங்கிவிடும். லூசிஃபெரேஸின் ஏடிஜி வெகு தொலைவில் கிடக்கும். முதல் ஏடிஜி-யைத் தவறவிட்டுத் தாண்டி வரும் சில ரைபோசோம்கள் மட்டுமே அதை எட்டும். புரோமோட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் கருவியில் ஒளி குறைவாகவே தெரியும்.

லூசிஃபெரேஸ் சோதனையைப் "புரோமோட்டர் அளவீடு" என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது அளப்பது கடைசியில் உருவான நொதியை. படியெடுத்தல், ஆர்.என்.ஏ.வின் ஆயுள், மொழிபெயர்ப்பு என எல்லாம் சேர்ந்து கிடைப்பதே அந்த எண். பொருத்திய துண்டில் படியெடுத்தல் தொடக்கத்துக்குக் கீழ்ப்பட்ட பகுதி எவ்வளவு நீளமோ, அவ்வளவுக்கு அந்த எண்ணைப் புரோமோட்டரோடு மட்டும் பிணைத்துப் பேசுவது தவறாகும்.

ஆகவே துண்டின் கீழெல்லையை முதல் எக்ஸானின் ஏடிஜி-க்கு முன்னால், −1-இலோ அதற்குச் சற்று மேலோ நிறுத்துங்கள். படியெடுத்தல் தொடக்கப் புள்ளிக்கும் ஏடிஜி-க்கும் இடையே இருப்பது முப்பத்துச்சில்லறைக் காரங்கள்தான் என்பதால் அங்கே இடம் குறைவு. பிரைமரைப் பார்த்து வையுங்கள். மேலெல்லையைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

தொடக்கப் புள்ளி எங்கே என்பதைப் பழைய கட்டுரையை மட்டும் நம்பி முடிவுசெய்யாதீர்கள். 2014-இல் வெளியான ஃபேன்டம்-5 திட்டத்தின் தரவு, நூற்றுக்கணக்கான மனிதச் செல் வகைகளில் ஆர்.என்.ஏ.வின் முன்முனை எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டுகிறது. யாரும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். எந்த மனித மரபணுவின் புரோமோட்டரை ஆராயத் தொடங்குபவரும், பிரைமருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் அதில் ஒரு மணி நேரம் செலவிட்டால் பல மாதங்கள் மிஞ்சும். மனித மரபணுக்களில் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொடக்கங்கள் உண்டு. பாடநூலில் படித்த டாட்டா பெட்டி பெரும்பாலான மனிதப் புரோமோட்டர்களில் இருப்பதேயில்லை. அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்க முயல்வது வீண் வேலை.


ஆய்வுமாணவி எழுதியது:

பழைய பைப்பெட் அவர்களுக்கு மிக்க நன்றி. உங்கள் பதிவைப் படித்தவுடன் பிரைமர் வரிசையை எடுத்து மரபணு வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். நீங்கள் சந்தேகித்தபடியேதான். எனக்கு முன்னால் எங்கள் ஆய்வகத்தில் யாரோ சேமித்து வைத்திருந்த வரிசைக் கோப்பை அப்படியே பயன்படுத்தியிருக்கிறேன். அது பழைய, ஒற்றை எக்ஸான் வடிவு. என் துண்டுக்குள் முதல் எக்ஸானும் இன்ட்ரானும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. நல்லவேளையாக மாற்றிய எழுத்து சரியான எழுத்துதான், எல்லைதான் தவறு.

இந்நிலையில் ஒரு கேள்வி. துண்டைச் சுருக்கி ஹெச்இகே செல்லில் முதலில் ஏற்றிப் பார்க்கலாமா, அல்லது நேராக ஹெச்இஎல்-க்குப் போய்விடலாமா? எங்கள் துறையில் கே-562 உடனே கிடைக்கிறது. அதுவும் சிவப்பணு மரபைச் சேர்ந்ததுதானே?


ஒளிமானி எழுதியது:

செல் பற்றிய கேள்விக்கு மற்றவர்கள் விடை தருவார்கள். அடுத்த சுற்றைத் தொடங்குமுன் அளவீட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

வெற்றுப் பிளாஸ்மிட்டைப்போல் 1.8 மடங்கு என்பதை நான் விடையாகவே ஏற்கமாட்டேன். புரோமோட்டர் இல்லாத பிளாஸ்மிட்டும் தன் முதுகெலும்பிலிருந்து தற்செயலாகச் சிறிது படியெடுக்கத்தான் செய்யும். அந்த இரைச்சலைவிட இருமடங்குகூட எழாத ஒன்றில் இரண்டு வடிவுகளை ஒப்பிடுவதில் பொருளில்லை. கருவியும் செல்லும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று காட்ட எஸ்வி-40 வைரஸின் வலுவான புரோமோட்டர் கொண்ட பிளாஸ்மிட் ஒன்றை ஒவ்வொரு முறையும் உடன் வைத்தீர்களா? அதைப் பற்றி எழுதவில்லை. அது பல நூறு மடங்கு எரியும்போது உங்களுடையது 1.8-இல் நின்றால் சிக்கல் உங்கள் துண்டில். அதுவும் மங்கினால் சிக்கல் செல்லில் அல்லது ஏற்றும் முறையில்.

ரெனில்லாவுக்குச் சிஎம்வி வேண்டாம். அவ்வளவு வலுவான வைரஸ் புரோமோட்டர், செல்லின் பொதுவான படியெடுத்தல் காரணிகளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு உங்கள் மெலிந்த புரோமோட்டரைப் பட்டினி போடக்கூடும். டிகே என்னும் மெலிந்த புரோமோட்டர் கொண்ட ரெனில்லா பிளாஸ்மிட்டைச் சிறிதளவு மட்டும் சேருங்கள். காட்டா-1 பிளாஸ்மிட்டை உடன் ஏற்றும் யோசனையைச் செயல்படுத்துவதானால், காட்டா-1 ரெனில்லாவையும் அசைக்கிறதா என்று தனியே பார்த்துவிடுங்கள்; அசைத்தால் விகிதம் பொய் சொல்லும்.

"மூன்று முறை" என்பது ஒரே நாளில் மூன்று குழிகளா, வெவ்வேறு நாள்களில் மூன்று ஏற்றங்களா? முன்னதானால் அது ஒரே சோதனைதான். பிளாஸ்மிட்டையும் குறைந்தது இரண்டு முறை தனித்தனியே தயாரித்துப் பாருங்கள். மாற்றிய வடிவில் ஓரெழுத்து மட்டுமே மாறியிருக்கிறது என்பதற்கு, துண்டு முழுவதையும் வரிசைப்படுத்திப் பார்ப்பதைத் தவிர வேறு சான்றில்லை.


குரோமாட்டின் எழுதியது:

காட்டா-1-ஐ ஹெச்இகே செல்லில் ஏற்றிப் பார்க்கலாம் என்று செவ்வணு சொன்னதில் எனக்குச் சிறு மறுப்பு உண்டு. காட்டா அமரும் ஆறெழுத்துத் தொடர் மனித மரபணுத் தொகுதியில் இலட்சக்கணக்கான இடங்களில் இருக்கிறது. உயிருள்ள சிவப்பணு முன்னோடிச் செல்லில் காட்டா-1 அவற்றுள் மிகச் சிலவற்றில்தான் அமர்கிறது. வேற்றுச் செல்லில் அளவுக்கு மீறி அதை ஊட்டி, வெறும் பிளாஸ்மிட்டின்மேல் அது வேலைசெய்வதைக் காட்டினால், "அமர முடியும்" என்று மட்டுமே சொல்லலாம். "அமர்கிறது" என்று சொல்ல முடியாது. முதற்கட்ட ஐயத்தைத் தீர்க்க அது போதும், ஆய்வேட்டின் ஒரு அத்தியாயத்தை அதன்மேல் கட்டாதீர்கள்.

செல்லும் காலமும் புரோமோட்டரின் பொருளை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நான் மாணவர்களிடம் எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு, ஹீமோஃபிலியா பி லைடன். 1970-இல் நெதர்லாந்தில் முதலில் விவரிக்கப்பட்டது. இரத்தம் உறைவதற்கான ஒன்பதாம் காரணி இந்நோயுள்ள சிறுவர்களிடம் இயல்பளவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்கும். சிறு காயமும் ஆபத்து. பருவமடைந்தபின் அதே உடலில் அளவு தானாக ஏறி 30 முதல் 60 விழுக்காட்டை எட்டும், இரத்தக் கசிவும் நின்றுவிடும். மரபணு மாறவில்லை, மருந்தும் இல்லை. பிழை இருப்பது ஒன்பதாம் காரணி மரபணுவின் புரோமோட்டரில், படியெடுத்தல் தொடங்கும் இடத்தைச் சுற்றிய சில பத்து எழுத்துகளுக்குள். அவற்றுள் −20, −26 வட்டாரத்து மாற்றங்கள், கல்லீரலுக்குரிய ஹெச்என்எஃப்-4 என்னும் காரணி அமரும் இடத்தைக் கெடுக்கின்றன. அதன்மேல் பாதி படிந்தாற்போல ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பி அமரும் இடம் ஒன்றும் உண்டு என்பதை 1992-இல் கண்டார்கள். பருவ வயதில் ஆண்ட்ரோஜன் பெருகும்போது அந்த வழியாகப் புரோமோட்டர் மீண்டும் எழுந்துகொள்கிறது. −26-இல் ஜி-க்குப் பதில் சி வரும் பிராண்டன்பர்க் வகையில் இரண்டு இடங்களும் ஒருசேரக் கெடுவதால், அந்த நோயாளிகள் பருவமடைந்தும் தேறுவதில்லை. ஆறெழுத்துத் தொலைவில் ஒரு மனிதனின் வாழ்நாள் முழுவதும் வேறாகிவிடுகிறது. இதை ஆண்ட்ரோஜன் இல்லாத கிண்ணத்தில் வளரும் செல்லில் மட்டும் அளந்திருந்தால் இரண்டுக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது. (உங்கள் ஹெச்இகே-293 செல்வரிசையும் அதே லைடன் நகரத்தில்தான் 1973-இல் உருவாக்கப்பட்டது, சொல்லத் தோன்றியது.)

பிளாஸ்மிட்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. மரபணு தன் சொந்த இடத்தில் ஹிஸ்டோன் புரதங்களின்மேல் சுற்றப்பட்டு (இந்தச் சுற்றிய அமைப்பே குரோமாட்டின்), சில சமயம் இறுக மூடப்பட்டு, தொலைவிலிருந்து படியெடுத்தலைக் கூட்டும் மேம்படுத்திகளோடு வளைந்து தொடர்புகொண்டு கிடக்கிறது. 1,000 காரத் துண்டு அதில் எதையும் தன்னோடு எடுத்து வருவதில்லை. ஒப்பீட்டுக்கு, கருவில் இருக்கும் ஹீமோகுளோபின் பிறந்தபின் அணைவதைப் பாருங்கள். காமா குளோபின் புரோமோட்டரில் −115-ஐ ஒட்டிய ஆறெழுத்துத் தொடரில் பிசிஎல்-11ஏ என்னும் அடக்கும் காரணி அமர்கிறது என்பது 2018-இல் உறுதியானது. அவ்விடத்து ஓரெழுத்து மாற்றங்கள் வயதுவந்தபின்னும் கரு ஹீமோகுளோபினைத் தொடரச் செய்கின்றன என்பது நோயாளிகளிடமிருந்து அதற்குப் பல்லாண்டுகள் முன்பே தெரியும். ஆனால் அந்தக் காரணி அங்கேதான் அமர்கிறது என்பதை ஐயமறக் காட்டியது, செல்லின் சொந்த டி.என்.ஏ.வில் செய்த ஆய்வுகளும் திருத்தங்களுமே.

உங்களுக்கு அதே வழி திறந்திருக்கிறது. டஃபி மாற்றம் டி-யிலிருந்து சி. எதிர் இழையில் அதுவே ஏ-யிலிருந்து ஜி. 2017-இல் வந்த அடினைன் கார மாற்றி என்னும் மரபணுத் திருத்தக் கருவி செய்வது சரியாக இந்த மாற்றத்தைத்தான். இரட்டை இழையை வெட்டவும் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: காட்டா தொடரை எதிர் இழையில் படித்தால் ஏ, ஜி, ஏ, டி, ஏ, ஏ என்று வரும். நீங்கள் மாற்ற விரும்புவது நடுவிலிருக்கும் ஒரு ஏ-யை. அதற்கு இருபுறமும் வேறு ஏ-க்கள் நெருங்கி நிற்கின்றன. கருவி அவற்றையும் மாற்றிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், கருவியை இலக்குக்கு இட்டுச்செல்லும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வை எங்கே வைக்கிறீர்கள் என்பதே முழு வேலையும். தனித்தனிச் செல்லாகப் பிரித்து வளர்த்து, ஒவ்வொன்றையும் வரிசைப்படுத்தி, இலக்கு மட்டும் மாறியதைத் தேர்ந்துகொள்ளுங்கள். அந்தச் செல்லில் டஃபி ஆர்.என்.ஏ.வையும் மேற்பரப்புப் புரதத்தையும் அளந்து, காட்டா-1 அவ்விடத்தில் அமர்கிறதா என்று எதிர்ப்பொருள் கொண்டு பிரித்தெடுத்துப் பார்த்தால், லூசிஃபெரேஸ் எண் ஒரு துணைச் சான்றாகத் தன் இடத்தில் அமைந்துவிடும்.


செவ்வணு எழுதியது:

மறுப்பை ஏற்கிறேன், விரைவுக்காகச் சொன்ன வழியை முடிவான வழிபோல் எழுதிவிட்டேன்.

கே-562 பற்றி. அது நாள்பட்ட மைலாய்டு லுக்கேமியா நோயாளியிடமிருந்து வந்தது. சிவப்பணு மரபின் பண்புகள் பல அதற்கு உண்டு, காட்டா-1-ம் உண்டு. ஆயினும் அதன் மேற்பரப்பில் டஃபி புரதம் தென்படுவதில்லை. 1994-இல் டஃபி புரதம் கீமோகைன் ஏற்பிதான் என்று காட்டியவர்கள் அதை வெளியிலிருந்து கே-562 செல்லில் ஏற்றியதும், அந்தச் செல் இந்த வகையில் வெறுமையாக இருந்ததால்தான். ஆகவே காட்டா-1 இருந்தால் மட்டும் டஃபி வெளிப்பட்டுவிடும் என்று கொள்ள முடியாது. வேறு ஏதோ ஒன்றும் தேவைப்படுகிறது, அல்லது அங்கே குரோமாட்டின் மூடியிருக்கிறது. பிளாஸ்மிட் சோதனைக்குக் கே-562-ஐ நீங்கள் பயன்படுத்தலாம். காட்டா-1 இயல்பளவில் இருக்கும் செல் என்பதால் ஹெச்இகே-யைவிட நன்று. ஆனால் சொந்த இடத்தில் திருத்தம் செய்து, வெளிப்பாடு குறைகிறதா என்று பார்க்கும் சோதனைக்கு அது ஆகாது. ஏற்கெனவே அணைந்திருக்கும் விளக்கை மேலும் அணைக்க முடியாதல்லவா? அதற்கு ஹெச்இஎல்தான்.

இரண்டு செல்வரிசைகளும் மிதந்து வளர்பவை. ஹெச்இகே செல்லுக்குப் பழகிய கொழுப்புக் கலவை முறை இவற்றில் சரியாக எடுபடாது. மின்துடிப்பு முறைக்கு ஏற்பாடு செய்யுங்கள்.


ஆய்வுமாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முதல் எக்ஸானின் ஏடிஜி-க்கு மேலே முடியும்படி புதிய பிரைமருக்கு இன்று எழுதிவிட்டேன். மேலெல்லையை 1,000, 500, 200 என மூன்றாக வைத்திருக்கிறேன். மூன்று குழிகளா மூன்று நாள்களா என்று ஒளிமானி கேட்டதற்கு, வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரே நாளில் மூன்று குழிகள்தான். முதலில் கே-562-இல் ஏற்றிப் பார்த்துவிட்டு, ஹெச்இஎல் வந்தவுடன் அதிலும் செய்கிறேன். காட்டா-1 இருந்தும் கே-562-இல் டஃபி ஏன் வெளிப்படுவதில்லை என்பது என் தலைப்புக்கு உள்ளேயே அடங்கும் கேள்வியாகத் தோன்றுகிறது. இதை யாரேனும் குரோமாட்டின் அளவில் பார்த்திருக்கிறீர்களா?


குரோமாட்டின் எழுதியது:

கே-562, என்கோடு (மனித மரபணுத் தொகுதியின் செயல்படும் பகுதிகளைப் பட்டியலிடும் பன்னாட்டுத் திட்டம்) மிக விரிவாக ஆராய்ந்த செல்வரிசைகளுள் ஒன்று. டி.என்.ஏ. எங்கே திறந்திருக்கிறது, எந்த ஹிஸ்டோன் குறிகள் எங்கே உள்ளன, காட்டா-1 எங்கெங்கே அமர்ந்திருக்கிறது என எல்லாத் தரவும் பொதுவில் இருக்கின்றன. முதலாம் குரோமோசோமின் நீளக் கையில் டஃபி மரபணு இருக்கும் இடத்துக்குப் போய், இன்றிரவே திறந்து பாருங்கள். எழுத்து கெடாமலிருந்தும் காட்டா-1 அங்கே அமரவில்லையென்றால், தேட வேண்டியது புரோமோட்டர் வரிசைக்கு வெளியே.